வீடு மாற்றும்போது லோடுமேன்களுக்கு டிப்ஸ்: யார் கையில், எப்போது, எவ்வளவு?

சென்னைக்குள் வீடு மாற்ற மூன்று வழிகள் உண்டு. பேக்கர்ஸ் கம்பெனியைப் பிடிக்கலாம். போர்ட்டர் போன்ற செயலியில் வண்டி போடலாம். தெருமுனை ஸ்டாண்டில் நிற்கும் குட்டி யானையையும், டிரைவர் கூட்டிவரும் ஆட்களையும் பேசி எடுக்கலாம். "டிப்ஸ் எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்பவர்கள் இந்த மூன்றில் எது என்று சொல்வதே இல்லை. பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

செயலி வண்டியில் கட்டணம் வண்டிக்கும் டிரைவருக்கும்தான். சுமை தூக்க ஆள் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டுவிட்டு, வந்த டிரைவரை ஃபிரிட்ஜின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, கடைசியில் 100 ரூபாய் "டிப்ஸ்" கொடுப்பது நியாயமில்லை. அவர் செய்தது கூலி வேலை. ஒரு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு முழுதாகக் கைகொடுப்பார் என்றால், முதல் பொருளைத் தொடுவதற்கு முன்பே 400, 500 என்று கூலியாகப் பேசிவிடுங்கள். அப்படிப் பேசினால் அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை. வண்டி மட்டும் ஓட்டினார் என்றால் மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னாலே போதும்.

ஸ்டாண்ட் வண்டியில் தகராறு வேறு மாதிரி வரும். "மொத்தமா ஆறாயிரம் குடுத்துடுங்க" என்று பேசுவார்கள். நான்கு பேர் வருவதாகப் பேச்சு, வருவது மூன்று பேர். அந்த மூன்று பேரும் நான்கு பேர் வேலையைச் செய்துவிட்டு, முடிவில் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கும், நீங்கள் மறுப்பதிலும் இருக்கும். வண்டி வாடகை இவ்வளவு, ஆள் இத்தனை பேர், ஆளுக்குக் கூலி இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துப் பேசினால் இந்தச் சிக்கல் வராது.

பேக்கர்ஸ் கம்பெனியில் பில் பெரிது. அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், வண்டி, ஜிஎஸ்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். வருகிற ஆட்கள் கம்பெனி டிஷர்ட் போட்டிருப்பார்கள். ஆனால் பல இடங்களில் அவர்கள் அன்றைய நாள் கூலிக்கு வந்தவர்கள். நீங்கள் 15,000 கட்டினாலும் 8,000 கட்டினாலும் அவர்கள் கைக்கு வருவது ஒரே தொகைதான். டிப்ஸ் பற்றிய கேள்வி உண்மையில் எழுவது இங்கேதான். இனி சொல்வதும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

முதலில் கூலியைத் தனியாக வையுங்கள்

டிப்ஸ் விஷயத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை டிப்ஸுக்கானவையே அல்ல. சொல்லாமல் விட்ட வேலைக்கான கூலிச் சண்டைகள். லாரி தெருவுக்குள் நுழையாமல் நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. லிஃப்ட் அன்று பார்த்துப் பழுது. அல்லது லிஃப்ட் இருந்தும், அதில் சாமான் ஏற்ற அசோசியேஷன் விடவில்லை. கணக்கில் சொல்லாத அம்மியும் ஆட்டுக்கல்லும் பால்கனி மூலையிலிருந்து வெளியே வருகின்றன. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சொல்ல மறந்துபோயிருக்கும். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், சாய்க்கவும் கூடாது. ஸ்டீல் பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் நிமிர்த்தித் திருப்ப முடியாமல் கயிறு கட்டி இறக்க வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் ஆட்கள் கேட்பது கூடுதல் கூலி. "முடிச்சுட்டு பாத்துக்கலாம்" என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. முடித்தபின் நீங்கள் கொடுக்கும் ஆயிரத்தை அவர்கள் மாடிக் கூலியாக எடுத்துக்கொண்டு டிப்ஸுக்கு மறுபடி நிற்பார்கள். நீங்களோ டிப்ஸ் கொடுத்தாகிவிட்டது என்று நினைப்பீர்கள். வேலையை நிறுத்தி, கம்பெனி ஆபீஸுக்கு போன் போட்டு, கூடுதல் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கி, அதை பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னும் நல்லது, பதிவு செய்யும்போதே எழுதி அனுப்புவது: இரு வீட்டிலும் எத்தனையாவது மாடி, லிஃப்டில் சாமான் ஏற்ற அனுமதி எந்த நேரம் வரை, வண்டி வாசலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கும், கட்டில்களில் எத்தனையைக் கழற்றி மாட்ட வேண்டும், எத்தனை ஆள் வருவார்கள். கடைசியாக ஒரு வரி: "ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி, டிரைவர் பேட்டா எல்லாம் இந்தத் தொகைக்குள்." இந்த வரிக்கு "ஓகே சார்" என்ற பதில் வந்தபிறகு முன்பணம் போடுங்கள்.

கொடுக்கும் முறைகள், எது எங்கே சரிப்படும்

*பில்லிலேயே சேர்த்துவிடுவது.* "டிப்ஸெல்லாம் எதுவும் தர வேண்டாம் சார், எல்லாம் சேர்த்துத்தான் சொல்றோம்" என்று போனில் பேசும் விற்பனையாளர் சொல்வார். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தத் தொகை கம்பெனிக்குப் போகிறது. மூன்றாவது மாடிக்கு வாஷிங் மெஷின் தூக்கியவருக்கு அதில் பங்கு வருமென்று நம்ப இடமில்லை. இந்த ஏற்பாட்டைக் கவசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அதட்டிக் கேட்டால் காட்ட எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். ஆட்களுக்குக் கொடுத்த கணக்கில் இது சேராது.

*மேஸ்திரி அல்லது சூப்பர்வைசர் கையில் மொத்தமாக.* வேகமான வழி. சில்லறை தேட வேண்டாம். ஒரே ஊரிலிருந்து வந்து வருஷக்கணக்கில் சேர்ந்து வேலை செய்யும் குழு என்றால், மேஸ்திரியிடம் கொடுப்பதையே அவர்களும் விரும்புவார்கள். அவர்களுக்குள் முன்பணம், கடன், அறை வாடகை என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி அன்றைக்குத் திரட்டிய ஆட்கள் என்றால் இது மோசமான வழி. சாமானைத் தொடாமல் பேப்பரும் பேனாவுமாக நின்றவர் பெரும் பங்கை எடுத்துக்கொள்வார். மொத்தமாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் எல்லோரும் நிற்கும்போது சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள்: "அஞ்சு பேரு, ஆளுக்கு இருநூறு, மொத்தம் ஆயிரம்." எண்ணிக்கையும் பங்கும் எல்லார் காதிலும் விழுந்தால் போதும்.

*ஆளாளுக்குத் தனித்தனியாகக் கையில்.* எங்கள் தேர்வு இதுதான். யாருக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியும். உழைத்தவருக்கு உங்கள் கையிலிருந்தே வாங்கிய திருப்தி இருக்கும். ஒரே தொல்லை சில்லறை. ஏடிஎம்மில் 500 ரூபாய்த் தாள்களே வரும் என்று வைத்துக்கொண்டு, முந்தைய நாளே மளிகைக் கடையில் 100, 200 தாள்களாக மாற்றி வையுங்கள். அந்தப் பணத்தைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பீரோவுக்குள் வைத்தால் பீரோவோடு வண்டி ஏறிவிடும்.

ஜிபேயில் அனுப்பலாமா என்றால், டிரைவருக்கு அனுப்பலாம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒருவர் எண்ணுக்கு அனுப்பினால் அது மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்ததற்குச் சமம். தனித்தனியாக அனுப்ப ஐந்து பேரிடமும் ஸ்கேன் பண்ணிக்கொண்டிருப்பது, அலைந்து ஓய்ந்த நேரத்தில் யாருக்கும் ஒத்துவராது. மேலும் அன்று மாலைச் சாப்பாட்டுக்கு அவர்களுக்குத் தேவை கையில் ரொக்கம்.

*சாப்பாடும் டீயும்.* இது டிப்ஸுக்கு மாற்று இல்லை. ஆனால் டிப்ஸைவிட வேலையின் தரத்தை மாற்றுவது இதுதான். ஏப்ரல், மே வெயிலில் நான்கு பேர் ஏறி இறங்கும்போது தண்ணீர் கேன் எங்கோ அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தால், அந்த வீட்டுச் சாமான்மீது அவர்களுக்கு எந்தப் பரிவும் வராது. தண்ணீர் கேனையும் நான்கு டம்ளரையும் கடைசியாக ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள். பத்தரை, பதினொன்றுக்கு டீயும் வடையும். வெயில் காலத்தில் டீக்குப் பதில் மோரோ எலுமிச்சை ஜூஸோ.

வேலை மதியம் ஒன்றரையைத் தாண்டும் என்றால் சாப்பாடு உங்கள் பொறுப்பா அவர்கள் பொறுப்பா என்று காலையிலேயே பேசிவிடுங்கள். கையில் ஆளுக்கு 120, 150 கொடுத்தால் அவர்கள் இஷ்டப்படி சாப்பிடுவார்கள். ஆனால் ஹோட்டல் தேடிப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். பார்சல் வாங்கினால் அரை மணியில் வேலை மறுபடி தொடங்கும். பார்சல் என்றால் பிரியாணி என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். செவ்வாய், வெள்ளி, சனியில் கவிச்சி தொடாதவர்கள் இருப்பார்கள், புரட்டாசி முழுவதும் தவிர்ப்பவர்கள் இருப்பார்கள், ரம்ஜான் நோன்பில் இருப்பவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவருக்கு மாலையில் கொஞ்சம் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பலாம். அன்று காலைதான் புது வீட்டில் பால் காய்ச்சியிருந்தால் அங்கே அசைவம் வேண்டாம் என்று உங்களுக்கும் தோன்றலாம். பழைய வீட்டிலேயே சாப்பாட்டை முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினால் இந்தச் சங்கடம் இல்லை.

*பழைய பொருளைக் கொடுப்பது.* டிப்ஸுக்குப் பதிலாகப் பழைய கட்டிலையோ ஓடாத டிவியையோ "எடுத்துக்கோங்க" என்பது, உங்களுக்கு ஆக வேண்டிய குப்பை அகற்றும் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது. வண்டி கம்பெனி வண்டி. அவர் தங்கும் அறையில் ஆறு பேர் படுப்பார்கள். கட்டிலை எங்கே கொண்டுபோவார்? ஓடுகிற மிக்ஸி, டேபிள் ஃபேன், நல்ல நிலையிலுள்ள குக்கர் என்றால் கேட்டுப் பார்த்து, டிப்ஸுக்கு மேல் கூடுதலாகக் கொடுங்கள். அப்பார்ட்மெண்ட் என்றால் கேட்டில் செக்யூரிட்டி பிடித்துக்கொள்வார். "இந்தப் பொருளை நாங்கள் கொடுத்தோம்" என்று பிளாட் எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

மதுவுக்கென்று காசு கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். அதிலும் ஏற்றி முடித்து இறக்கப் போகும் இடைவெளியில் கொடுத்தால், கண்ணாடி டீப்பாயும் டிரைவரும் ஒரே ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எவ்வளவு: சதவீதமா, தலைக்கா?

பில்லில் பத்து சதவீதம் என்பது ஹோட்டல் மேஜைக் கணக்கு. இங்கே பொருந்தாது. பில் ஏறுவதற்குக் காரணம் முகூர்த்த நாளாகவோ மாதக் கடைசியாகவோ இருக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்றாதவர்கள் எல்லோரும் ஆவணியிலும் தையிலும் சேர்ந்து வருவதால் அப்போது ரேட் கூடுகிறது. தூரமும் இன்ஷூரன்ஸும்கூட பில்லை ஏற்றும். இதில் எதுவும் லோடுமேனின் முதுகில் ஏறிய பாரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. லிஃப்ட் உள்ள இரண்டு அப்பார்ட்மெண்ட்களுக்கு நடுவே 14,000 ரூபாய்க்கு நடக்கும் மாற்றம், படிக்கட்டில் மூன்று மாடி ஏறும் 9,000 ரூபாய் மாற்றத்தைவிடச் சுலபம்.

அதனால் தலைக்கு இவ்வளவு என்றே கணக்கிடுங்கள். சென்னைக்குள், இன்றைய நிலையில், நாங்கள் சொல்லும் அளவு இது. ஒரு படுக்கையறை வீடு, அரை நாளில் முடிகிறது, லிஃப்ட் உண்டு: ஆளுக்கு 100. இரண்டு படுக்கையறை, பேக்கிங்கும் அவர்களே, காலை தொடங்கி மாலை வரை: ஆளுக்கு 200. படிக்கட்டில் இரண்டு மாடிக்கு மேல், அல்லது மழையில் தார்ப்பாய் போட்டு நனையாமல் இறக்கினார்கள், அல்லது இரவு ஒன்பதைத் தாண்டியது: 300. 500 என்பது மிக அரிதான உழைப்புக்கு. கட்டிலையும் வார்ட்ரோபையும் கழற்றி மாட்டியவருக்கு மற்றவர்களைவிட 100 கூட்டிக் கொடுப்பது வழக்கம்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டிரைவர் சாமான் தூக்கியிருந்தால் சமபங்கு. சீட்டைவிட்டு இறங்காதவர் என்றால் பாதி. ஏசி கழற்ற வரும் மெக்கானிக் தனி ஆள், அவருக்கு பில்லோடு சரி.

எதுவுமே கொடுக்காமல் இருக்கலாமா? இருக்கலாம். பேசிய தொகையை முழுதாக, தாமதமில்லாமல் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி அனுப்புவது தப்பில்லை. பெட்டிகளை எறிந்தார்கள், மரியாதையில்லாமல் பேசினார்கள் என்றால் கொடுக்காமல் இருப்பதுதான் சரி. பேசிய கூலியிலேயே 500 குறைத்து அடித்துப் பேசிவிட்டு, மிச்சத்தில் 300ஐப் பெருந்தன்மையாக டிப்ஸ் கொடுப்பவர்கள்தான் வேடிக்கை. அந்தக் கணக்கு லோடுமேனுக்கும் தெரியும்.

எப்போது

காலையிலேயே டிப்ஸ் கொடுத்தால் கவனமாக வேலை செய்வார்கள் என்று ஒரு வாதம் உண்டு. நடைமுறையில் காலையில் கொடுத்த காசு பத்து மணிக்கே மறந்துபோகும், மாலையில் மறுபடி கேட்பார்கள். காலையில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நல்லபடியா இறக்கி முடிங்க, எல்லாருக்கும் தனித்தனியா பாத்துக் குடுக்கிறேன்." இது மேஸ்திரிக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்கும் கேட்க வேண்டும். ஆட்கள் பீகார், ஒடிசா, அசாம் பக்கமிருந்து வந்தவர்களாக இருந்தால் இதை மட்டும் இந்தியில் சொல்லப் பக்கத்து வீட்டில் யாரையாவது பிடியுங்கள்.

இறக்கியபின் வரிசை இப்படி இருக்கட்டும். பெட்டிகளில் போட்ட எண்களைப் பட்டியலோடு சரிபாருங்கள். கட்டில் மாட்டப்பட்டு ஆடாமல் நிற்கிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து இரண்டு போல்ட் மட்டும் காணாமல் போவது கட்டிலில்தான். டிவி திரை, ஃபிரிட்ஜின் பக்கவாட்டு, பீரோ கண்ணாடி மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கிரைண்டர் கல்லைத் தனியாகக் கொண்டுவந்திருந்தால் அது வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். ஃபிரிட்ஜை அதன் இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள், உடனே ஆன் செய்ய வேண்டாம், சில மணி நேரம் நிற்கட்டும். பிறகு கையெழுத்து, பிறகு கம்பெனிக்குப் பாக்கிப் பணம், எல்லாவற்றுக்கும் கடைசியில் டிப்ஸ். அதற்காக எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்க்கும்வரை அவர்களை நிறுத்திவைப்பது அராஜகம்.

ஏதாவது உடைந்திருந்தால் போட்டோ எடுங்கள், டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், இழப்பைக் கம்பெனியிடம் கேளுங்கள். ஒரு கண்ணாடி கீறியதற்காக ஐந்து பேர் டிப்ஸை வெட்டுவதால் உங்களுக்கு 1,000 மிஞ்சும், கம்பெனிக்கு எதுவும் ஆகாது.

"ஆளுக்கு ஐநூறு குடுத்தாத்தான் இறக்குவோம்" என்று வண்டியில் சாமானோடு நின்றால் அது மிரட்டல். தெருவில் சண்டை போடாமல் ஆபீஸுக்கு ஸ்பீக்கரில் போன் போடுங்கள், எழுதி வாங்கிய வரியைப் படித்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பலம் கையில் மீதியிருக்கும் பாக்கிப் பணம். ஏற்றும்போதே முழுத் தொகையையும் கட்டிவிட்டவருக்குப் பேச வாயில்லை. குறைந்தது கால் பங்காவது இறக்கிய பிறகு என்று பேசுங்கள்.

வெளியூர் என்றால்

சென்னையில் ஏற்றியவர்கள் கோவையில் இறக்க வருவதில்லை. வண்டியோடு டிரைவரும் உதவியாளும் மட்டுமே போவார்கள். இறக்க அங்கே உள்ளூர் ஆட்கள். "கடைசியில் மொத்தமாகக் கொடுக்கிறேன்" என்று சென்னையில் சொல்லிவிட்டால், நாள் முழுக்க உட்கார்ந்து பாத்திரம் பாத்திரமாகப் பேப்பர் சுற்றியவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகும். இரண்டு கவர் போடுங்கள். பேக்கிங் செய்து ஏற்றியவர்களுக்கு ஆளுக்கு 200, இறக்குபவர்களுக்கு 100 அல்லது 150. இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவருக்கு 200, 300, கூடவே காலை டிபன்.

டோல் ஃபாஸ்டேகில் போகிறது, வாடகைக்குள் அடக்கம். "செக்போஸ்ட் செலவு" என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வணிகவரிச் செக்போஸ்ட்கள் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதே எடுக்கப்பட்டுவிட்டன. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை. வழியில் வேறு யாருக்கோ கொடுத்த காசு டிரைவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான கணக்கு.

பாலக்காடு, கொச்சி, திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம், 1978 என்று ஒரு சட்டம் இருக்கிறது. பல பகுதிகளில் இறக்குவது அந்தப் பகுதியின் பதிவு பெற்ற தொழிலாளர்கள், தலையில் துண்டும் பின்னால் தொழிற்சங்கமும் உள்ளவர்கள். வண்டியில் கூட வந்த ஆட்களே இறக்கிவிட்டு, வேடிக்கை பார்த்தவர்கள் கூலி கேட்பதற்கு நோக்குகூலி என்று பெயர். அதை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்தது, அது சட்டவிரோதம். கேட்டால் டிப்ஸ் மாதிரி நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். போலீஸிடமோ தொழிலாளர் துறையிடமோ சொல்லலாம். அவர்கள் உண்மையிலேயே இறக்கினால் கொடுக்க வேண்டியது அந்த இடத்துக்கு நிர்ணயித்த கூலி. ரேட் கார்டைக் காட்டச் சொல்லி, எண்ணிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தனியாக டிப்ஸ் தேவையில்லை. உங்கள் வண்டி டிரைவருக்கு மட்டும் அவர் பங்கு.